கறுப்பா இருந்தா வேற மிருகமா? சிறுத்தையப் பத்தி கொஞ்சம் வெலாவாரியா

கருஞ்சிறுத்தைன்னு தனியா ஒரு மிருகம் கிடையாது. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எங்க ஜொகூர் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல ஏதாவது கறுப்பா சடக்கத் தாண்டி ஓடுச்சின்னு ஒரு வீடியோ வாட்ஸாப்ல சுத்த ஆரம்பிச்சா போதும், அன்னிக்கு ராத்திரியே குரூப்ல சண்டைதான். ஒருத்தரு புலிம்பாரு, இன்னொருத்தரு "புலி இல்லலா, பேந்தர்"ம்பாரு, மூணாவதா ஒருத்தரு பயந்துகிட்டே சிறுத்தைன்னு சொன்னா "சிறுத்தைன்னா மஞ்சளா புள்ளி புள்ளியா இருக்கும், டிவில பாத்ததில்லயா நீ"ன்னு அவர வாயத் தொறக்க விடாம அடக்கிடுவாங்க. ஆனா அந்த மூணாவது ஆளு சொன்னதுதான் சரி. பிளாக் பேந்தர், கருஞ்சிறுத்தை, மலாய்ல சொல்ற ஹரிமாவ் கும்பாங், எல்லாம் ஒரே மிருகத்துக்குத்தான் பேரு, அது சிறுத்தை. மேல போட்டிருக்கிற கலரு மட்டும் கறுப்பு.

நான் ட்யூஷன் சொல்லிக் கொடுக்கிற ஆளு, பிள்ளைங்க கேக்குறதுக்கு பதில் சொல்லிச் சொல்லி சேந்ததத்தான் இங்க எழுதுறேன், அதனால ஒண்ணுமே தெரியாதவங்களுக்குன்னு வச்சே ஆரம்பிக்கிறேன்.

பெரிய பூனை குடும்பத்துல பாந்தெரான்னு ஒரு பிரிவு. அதுல மொத்தம் அஞ்சு பேரு: சிங்கம், புலி, ஜாகுவார், சிறுத்தை, பனிச்சிறுத்தை. நம்ம ஆளோட அறிவியல் பேரு பாந்தெரா பார்டஸ். இந்த அஞ்சு பேர்ல ரொம்ப தூரம் பரவி இருக்கிறது சிறுத்தைதான், ஆப்பிரிக்கா, அரேபியா, ஈரான், இந்தியா, இலங்கை, மலாயா, ஜாவா, அப்படியே வடக்க ரஷ்யாவோட கிழக்குக் கோடில பனி கொட்டுற காடு வரைக்கும். ஆனா சுமத்ரால கிடையாது, போர்னியோல கிடையாது, அதனால சபா சரவாக்ல யாராவது சிறுத்தை பாத்தேன்னு சொன்னா அது வேற ஒண்ணு, அதுக்கு அப்புறம் வரேன். எங்க விட்டாலும் பொழைச்சுக்கும், அதுதான் இதோட பலமே. மான் கெடச்சா மான், காட்டுப்பன்னி, கொரங்கு, முள்ளம்பன்னி, ஒண்ணும் இல்லன்னா எலி நண்டு வரைக்கும் எறங்கிடும், ஊருக்குப் பக்கத்துல இருந்தா நாய். ஆண் சிறுத்தை பெரும்பாலும் 30லேர்ந்து 70 கிலோவுக்குள்ள இருக்கும், பொண்ணு அதவிடச் சின்னது. ஒரு ஆண் புலி 100 கிலோவத் தாண்டும், அதப் பக்கத்துல வச்சுப் பாத்தா சிறுத்தை ஒல்லியா நீளமா தெரியும், வாலு மட்டும் ரொம்ப நீளம், மரத்துல ஏறி நடக்கும்போது அதுதான் பேலன்ஸ். தன்னோட எடைக்குச் சமமான இரைய வாயில கவ்விக்கிட்டு மரத்து மேல ஏத்திடும்.

புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளி, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் புள்ளிய நல்லா உத்துப் பாத்தா தலை, காலு, வயிறு இந்த மூணு எடத்துலதான் அது உண்மையான புள்ளி, முதுகுலயும் வெலாவுலயும் இருக்கிறது நாலஞ்சு சின்னக் கறுப்புத் துண்டு சேந்து ஒரு வளையமா, பூ மாதிரி நிக்கும், நடுவுல மஞ்சள். அந்தப் பூ வளையத்துக்குள்ள இன்னொரு சின்னப் புள்ளி இருந்தா அது தென் அமெரிக்கா ஜாகுவார். வளையமே இல்லாம வெறும் பொட்டு பொட்டா இருந்து, கண்ணுலேர்ந்து வாய் வரைக்கும் கண்ணீர்க் கோடு மாதிரி ஒரு கறுப்பு கோடு எறங்குனா அது சீட்டா, ஓட்டத்துக்குப் பேர் போனது, பாந்தெரா கூட்டத்துலயே சேராது, கர்ஜிக்கவும் தெரியாது. தமிழ்ப் பேப்பர்ல இந்த சீட்டாவுக்கும் சிறுத்தைன்னே போட்டு வச்சு குழப்பியிருக்காங்க. இந்தியாவுல சீட்டா அழிஞ்சு போச்சுன்னு 1952ல அரசாங்கமே அறிவிச்சது, 2022 செப்டம்பர்ல நமீபியாலேர்ந்து 8 சீட்டாவக் கொண்டாந்து மத்தியப் பிரதேசத்துல குனோங்கிற காட்டுல விட்டாங்க, அந்த நேரத்துல "இந்தியாவுக்கு சிறுத்தை திரும்பி வந்தது"ன்னு தலைப்பு போட்டவங்களப் பாத்து எனக்கு சிரிப்பு வந்துச்சு, சிறுத்தை எப்பலா போச்சு திரும்பி வர்றதுக்கு? மும்பை ஊருக்குள்ளயே இருக்கிற சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுல அது பாட்டுக்கு உலாத்திக்கிட்டு இருக்கு.

சரி, கறுப்பு விஷயம்.

தோல்ல கறுப்பு நிறத்த எங்க எவ்வளவு போடணும்னு சொல்ற ஒரு ஜீன் இருக்கு, அகூட்டின்னு சொல்வாங்க. சிறுத்தைல அந்த ஜீன் ஒரு மாதிரி மாறிப் போச்சுன்னா ஒடம்பு முழுக்க கறுப்பு நிறமி எறங்கிடும். ஆனா அப்பாகிட்டேர்ந்து ஒரு பிரதி, அம்மாகிட்டேர்ந்து ஒரு பிரதி, ரெண்டுமே மாறின பிரதியா வந்தாத்தான் குட்டி கறுப்பா பொறக்கும், ஒண்ணு மட்டும் வந்தா மஞ்சளாத்தான் இருக்கும், கறுப்ப உள்ளுக்குள்ள மறைச்சு வச்சிருக்கும். அதனாலதான் ரெண்டு மஞ்ச சிறுத்தைக்கு ஒரு கறுப்புக் குட்டி பொறக்கலாம், ஆனா ரெண்டு கறுப்பு சிறுத்தைக்கு மஞ்சக் குட்டி பொறக்கவே பொறக்காது. இத பிள்ளைங்ககிட்ட சொன்னா உடனே "அப்ப இங்க எல்லாமே கறுப்பா இருந்தா, இனிமே எல்லாமே கறுப்புதானா சார்?"னு கேப்பாங்க. ஆமா. கிட்டத்தட்ட அதுதான் மலாயாவுல நடந்திருக்கு. (ஜாகுவாருக்கு வேற ஜீன், அங்க ஒரு பிரதி போதும் கறுப்பாக, அது தனிக் கதை.)

உலகத்துல மத்த எடத்துலயும் கருஞ்சிறுத்தை உண்டு, நீலகிரி, கபினி பக்கம் எப்பயாவது ஒண்ணு தலை காட்டும், அதுக்கு போட்டோக்காரங்க மாசக் கணக்குல தவம் கெடப்பாங்க. நம்ம தீபகற்பத்துல கதையே தலைகீழ். காட்டுக்குள்ள மரத்துல கட்டி வைக்கிற தானியங்கிக் கேமரா இருக்கில்லயா, அதுல பல வருஷமா பல காட்டுல விழுந்த சிறுத்தைப் படத்தயெல்லாம் சேத்து 2010ல ஒரு ஆய்வு வெளியாச்சு. தாய்லாந்துல நிலம் குறுகலா ஆகுற எடம் இருக்கு, கிரா பூசந்தி, அதுக்குத் தெக்க எடுத்த படத்துல இருந்த சிறுத்தை எல்லாமே கறுப்பு, புள்ளி தெரியுற மஞ்ச சிறுத்தை எல்லாம் அதுக்கு வடக்க எடுத்த படத்துலதான். ஏன் இப்படின்னு ஆராய்ச்சிக்காரங்க ரெண்டு மூணு விதமா யோசிக்கிறாங்க. மலாயா காடு ரொம்ப அடர்த்தி, மத்தியானத்துலயே வெளிச்சம் தரைக்கு வராது, அந்த இருட்டுல கறுப்பு நல்லா மறைஞ்சுக்கும், வேட்டையாடவும் வசதி, பெரிய எதிரியான புலி கண்ணுல படாம இருக்கவும் வசதி, இது ஒண்ணு. இன்னொண்ணு, ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இங்க சிறுத்தைங்க கொஞ்சமே கொஞ்சமா கொறைஞ்சு போயி, மிஞ்சின கொஞ்சத்துல கறுப்பு அதிகமா இருந்ததால அப்படியே பரவிடுச்சுன்னு. எனக்கு முதல் காரணம்தான் மனசுக்குப் புடிச்சிருக்கு, எங்க பக்கத்து குனோங் பெலுமுட் மலை ஏற ஒருக்கா போனவங்களுக்குத் தெரியும், பதினோரு மணிக்கே அந்தக் காட்டுக்குள்ள சாயங்காலம் மாதிரி இருக்கும்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். கறுப்பா இருக்கே, அப்ப புள்ளி எங்க போச்சு? எங்கயும் போகல. கறுப்பு ரவிக்கைத் துணியில கறுப்பு நூலாலயே பூ வேலை செஞ்ச மாதிரி, வெயில் ஒரு பக்கமா சாஞ்சு விழுந்தா தெரியும், இல்லன்னா தெரியாது. இது வெறும் அழகு சமாச்சாரம் இல்ல, இதுக்குப் பின்னாடி பெரிய தொல்லை ஒண்ணு இருந்துச்சு. ஒரு காட்டுல எத்தன சிறுத்தை இருக்குன்னு எண்ணணும்னா, ஒவ்வொண்ணோட புள்ளி அமைப்பையும் வச்சுத்தான் இது வேற அது வேறன்னு பிரிப்பாங்க, ஏன்னா ஒண்ணோட புள்ளி மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது, நம்ம கைரேகை கணக்குதான். இந்தியாவுல ஆப்பிரிக்காவுல அப்படித்தான் எண்ணுறாங்க. இங்க கிட்டத்தட்ட எல்லாமே ஒரே கறுப்பு, பத்துப் படம் விழுந்தா அது பத்து சிறுத்தையா, ஒரே சிறுத்தை பத்து தடவ வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? அதனால ரொம்ப நாளா புலிக்குக் கணக்கு இருந்துச்சு, சிறுத்தைக்குக் கணக்கே இல்லாம கெடந்துச்சு.

அதுக்கு திரெங்கானு கென்யிர் ஏரிப் பக்கத்துக் காட்டுல வேல செஞ்ச ஆராய்ச்சிக்காரங்க ஒரு எளிய வழி கண்டுபுடிச்சாங்க, 2015ல அது வெளியாச்சு. அந்தக் கேமராவுல வெளிச்சத்த அளக்குற ஒரு சின்ன சென்சார் உண்டு, பகல்னா கலர் படம் எடுக்கும், ராத்திரின்னா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிய அடிச்சு கறுப்பு வெள்ளையா எடுக்கும். இவங்க என்னா செஞ்சாங்கன்னா அந்த சென்சார மூடி விட்டுட்டாங்க. கேமரா பாவம் எப்பவும் ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு பட்டப்பகல்லயும் அகச்சிவப்புலயே எடுத்துச்சு. அந்த ஒளியில கறுப்புத் தோலோட அடிநிறம் வெளுத்துத் தெரியும், புள்ளி மட்டும் கறுப்பாவே நிக்கும். படத்தப் பாத்தா அசந்துடுவீங்க, அப்படியே டிவில வர்ற ஆப்பிரிக்கா சிறுத்தை மாதிரி பூ பூவா இருக்கும். அத வச்சுத்தான் மொதமொதலா அந்தக் காட்டுல 100 சதுர கிலோமீட்டருக்கு சுமார் 3 சிறுத்தைன்னு ஒரு கணக்கு வந்துச்சு. பல லட்சம் வெள்ளி செலவு பண்ணி செய்ய வேண்டிய வேலைய ஒரு துண்டு டேப்பு செஞ்ச கதையா எனக்குத் தோணும், எப்ப நெனச்சாலும் இந்த விஷயம் எனக்கு ரொம்பப் புடிக்கும்.

பேருக்கு வருவோம், இங்கதான் நம்மாளுங்க குழப்பமெல்லாம். மலாய்க்காரங்க எல்லாத்துக்கும் ஹரிமாவ்னு ஒரு சொல்ல முன்னாடி வச்சுட்டு பின்னாடி அடையாளத்தச் சேத்துடுவாங்க. ஹரிமாவ் பெலாங்னா வரி உள்ளது, புலி. ஹரிமாவ் பிந்தாங், நட்சத்திரம் போட்டது, அதாவது மஞ்ச சிறுத்தை. ஹரிமாவ் டாஹான், கிளை, அது மேகச் சிறுத்தை. கும்பாங்னா வண்டு. செம்பனைத் தோட்டத்துல வேல செஞ்சவங்களுக்கு இந்த வண்ட அறிமுகப்படுத்தவே வேணாம், மறு நடவு செஞ்ச பிளாக்குல எளங்கன்னோட குருத்தத் தொளைச்சு நாசம் பண்ணுற கும்பாங் பாடாக், மூக்குல கொம்பு வச்சிருக்குமே, அதப் புடிக்கத்தான் வாசன மருந்து வச்ச வாளிய கம்புல தொங்க விடுறாங்க. காலைல அந்த வாளிய எட்டிப் பாருங்க, உள்ள கெடக்குற வண்டு முதுகு மொதல்ல கருகருன்னு இருக்கும், கையில எடுத்து வெயில்ல திருப்புனா காப்பித்தூள் நெறத்துல ஒரு பளபளப்பு ஓடும். கருஞ்சிறுத்தையோட தோலும் அந்த நெறந்தான், சுத்தக் கரி இல்ல, வெயில் பட்டா காப்பி. அந்தப் பேர வச்சவன் காட்ட நல்லாப் பாத்தவன்.

தமிழ்ல நெலம வேற. எங்க பெரியப்பா கித்தா (ரப்பர்) மரம் வெட்டுன காலத்துல விடியறதுக்கு முன்னாடி நெத்தில லாம்ப கட்டிக்கிட்டு மலைக்காட்டுக்குப் போவாங்களாம், எது கண்ணு மின்னுனாலும் "புலி". அவ்ளோதான், ஒரே சொல்லு. யோசிச்சுப் பாருங்க, அந்தத் தோட்டத்துல லயத்துல இருந்தவங்க சேலம், தஞ்சாவூர், வட ஆற்காடுலேர்ந்து வந்தவங்க, அவங்க ஊர்லயும் சிறுத்தைய புலின்னுதான் சொல்வாங்க. கிராணி, அதாவது தோட்டத்து கிளார்க்கு, பெரும்பாலும் மலையாளியா இருப்பாரு, மலையாளத்துல புலின்னாலே சிறுத்தைதான், வரி போட்ட புலிக்கு அவங்க கடுவான்னு சொல்வாங்க. இல்லன்னா கிராணி யாழ்ப்பாணத்துக்காரரா இருப்பாரு, அவரு நாட்டுல வரிப்புலியே கிடையாது, அங்க காட்டுல இருக்கிற ஒரே பெரிய பூனை சிறுத்தைதான், அதனால அவருக்கும் புலின்னா சிறுத்தை. மேல இருக்கிற வெள்ளக்காரத் தொரைக்கு டைகர். ஒரே நாள் காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல "நேத்து ராத்திரி ஏழாம் நம்பர் காட்டுல புலி வந்துச்சு"ன்னு கங்காணி சொன்னா ஆளுக்கு ஒரு மிருகம் மனசுல ஓடியிருக்கும். இப்ப வாட்ஸாப் குரூப்ல நடக்குற சண்டையும் அதோட வாரிசுதான்னு நெனைக்கிறேன்.

பழைய தமிழ்ல சிவிங்கின்னு இன்னொரு சொல்லு இருக்கு. தமிழ் பைபிள் வாசிக்கிறவங்களுக்கு இது பழக்கம், எரேமியாவுல தன் புள்ளிய மாத்திக்க முடியாத அந்த மிருகம் சிவிங்கி, ஏசாயாவுல வெள்ளாட்டுக் குட்டியோட படுத்துக்கிற அதே மிருகம் புலி, வெளிப்படுத்தின விசேஷத்துல வர்றது சிறுத்தை. ஒரே புத்தகத்துல ஒரே மிருகத்துக்கு மூணு பேரு! அந்த சிவிங்கிய நாம மறந்துட்டோம்னு சொல்ல முடியாது, ஏன்னா ஒட்டகச்சிவிங்கிக்குள்ள அது உக்காந்திருக்கு. ஒட்டகம் மாதிரி கழுத்து, சிவிங்கி மாதிரி புள்ளி. கிரேக்கக்காரங்களும் அப்படியே ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேத்துத்தான் அதுக்குப் பேரு வச்சாங்க, அறிவியல் பேர்லயும் கமெலோபார்டாலிஸ்னு அது ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப சில பேரு சீட்டாவுக்கு சிவிங்கிப்புலின்னு எழுதுறாங்க, எனக்கு அது சரியாப் படுது, சிறுத்தைய சிறுத்தைக்கே விட்டுடலாம். இங்கிலீஷ்காரன் மட்டும் ஒழுங்கா என்ன, லெப்பர்டுங்கிற சொல்லே சிங்கமும் பார்டுன்னு ஒரு மிருகமும் சேந்து பொறந்த கலப்புன்னு பழங்காலத்துல நெனச்சு வச்ச பேருதான். பேந்தர்ங்கிறது இன்னும் மோசம், ஆசியாவுல சொன்னா சிறுத்தை, தென் அமெரிக்கால சொன்னா ஜாகுவார், புளோரிடால சொன்னா பூமா.

இந்த பேந்தர்தான் சின்னமா மாறி உலகத்தையே சுத்துச்சு. கதைய அலபாமாவுலேர்ந்து ஆரம்பிக்கணும். 1960கள்ல அங்க லவுண்ட்ஸ் கவுண்டின்னு ஒரு எடம், கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, ஆனா ஓட்டுப் போட விடாம வச்சிருந்தாங்க. ஸ்டோக்லி கார்மைக்கேல் மாதிரி இளைஞருங்க போயி மக்களத் திரட்டி தனிக் கட்சி ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நெறைய பேரு இருந்ததால ஓட்டுச் சீட்டுல படம் வேணும், எதிர்க்க இருந்த டெமாக்ரட் கட்சிக்கு அந்த மாநிலத்துல வெள்ளச் சேவல் சின்னம். இவங்க கருஞ்சிறுத்தைய எடுத்தாங்க. வெள்ளச் சேவலுக்கு எதிர கறுப்புப் பூனைன்னா விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லயே. அந்தச் சின்னத்தத்தான் 1966 அக்டோபர்ல ஓக்லாந்துல ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் ஆரம்பிச்ச பிளாக் பேந்தர் கட்சி எடுத்துக்கிட்டது. அங்கேர்ந்து 1972ல பம்பாய்க்கு வந்து, நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே மாதிரி ஆளுங்க தலித் பேந்தர் அமைப்ப ஆரம்பிச்சாங்க. அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்து, பேந்தர் தமிழ்ல சிறுத்தையாகி, தொல். திருமாவளவன் தலைமையில விடுதலைச் சிறுத்தைகள் ஆச்சு. கட்சி அரசியலுக்குள்ள நான் போகல, என் ஆச்சரியம் வேற எடத்துல. இந்தச் சின்னம் பொறந்த அலபாமால சிறுத்தையே கிடையாது. அது கறுப்பா, நெசமாவே, கூட்டமா வாழுற எடம் நம்ம மலாயாக் காடு. இங்க அத யாரும் சீண்டக்கூட இல்ல!

இங்க எல்லாம் புலிதான். நாட்டு ஜாத்தால, அதாவது அரசு சின்னத்துல, ரெண்டு பக்கமும் புலி, பந்து டீம் ஹரிமாவ் மலாயா, பேங்குல புலி, கார் முன்னாடி புலி, தைலத்துல புலி (கோடாலித் தைலம் போடுறவங்க மன்னிக்கணும்). தமிழருக்கும் அப்படியே, சோழன் கொடியில புலி, சிவன் இடுப்புல புலித்தோல், சிதம்பரத்துல புலிக்கால் முனிவர், ஐயப்பன் உக்காந்து வர்றது புலி. ஐயப்பன் கத மலையாள நாட்டுது, அங்க புலின்னா சிறுத்தைன்னு மேல சொன்னேன், ஆனாலும் நம்ம கோயில் படத்துல எல்லாம் வரி போட்டுத்தான் வரைஞ்சிருக்கும். அதுக்கு திருச்சூர் புலிக்களி பரவால்ல, ஓணத்துக்கு தொந்தி குலுங்க ஆடுறவங்கள்ல வரி பூசுனவங்களும் இருப்பாங்க, புள்ளி பூசுனவங்களும் இருப்பாங்க, ரெண்டு பேருக்கும் புலின்னுதான் பேரு.

ஆப்பிரிக்காவுலதான் சிறுத்தைக்கு ராஜ மரியாதை. ஜூலு ராஜாவோட தோள்ல அதோட தோல், பழைய பெனின் ராஜ்ஜியத்துல அது அரசனோட மிருகம், காங்கோவ ஆண்ட மொபுட்டு சிறுத்தைத் தோல் குல்லா இல்லாம போட்டோவுக்கே நிக்க மாட்டாரு. 1974 உலகக் கிண்ணத்துல ஆடுன அவங்க பந்து டீமுக்கும் பேரு சிறுத்தைகள்தான். இங்கிலாந்து டீம் சட்டையில இருக்கிற மூணு சிங்கம் கூட பழைய அரச சின்னக் கணக்குல பாத்தா சிறுத்தைதான், மொகத்த நம்ம பக்கம் திருப்பிக்கிட்டு நடக்குற சிங்கத்துக்கு அவங்க லெப்பர்டுன்னு பேரு வச்சிருந்தாங்க. ஒட்டுக்கடையில பந்து பாக்கும்போது இத எடுத்து விடுங்க, நல்லாப் பேசிக்கிட்டே தே தாரே குடிக்கலாம்.

இனி நடைமுறைக்கு. நம்ம தோட்டப் பக்கம் ராத்திரில பாக்குற எல்லாமே சிறுத்தை கிடையாது. வீட்டுப் பூனை சைஸ்ல, மஞ்சளா, ஒடம்பெல்லாம் பொட்டு பொட்டா செம்பனை நடுவுல ஓடுனா அது கூச்சிங் பத்து, காட்டுப் பூனை வகை. சிறுத்தைக் குட்டின்னு நெனச்சு புடிச்சுட்டு வந்துடாதீங்க, அது பழத்தத் திங்கிற எலிய புடிச்சுத் திங்கிற நல்ல பிராணி, தோட்டத்துக்கு ஒதவி. மூஞ்சி நீட்டமா, கால் கட்டையா இருந்தா முசாங், மரநாய். கறுப்பா குண்டா வாலே தெரியாம இருந்தா கரடி, நெஞ்சுல வெளிர் மஞ்சளா ஒரு பிறை மாதிரி இருக்கும், அதுகிட்டேர்ந்து இன்னும் தூரமா போங்க. சபா சரவாக்ல பாக்குறது மேகச் சிறுத்தை, பேர்ல சிறுத்தை இருந்தாலும் அது தனி இனம், நாய் அளவுதான் வரும், ஒடம்புல மேகம் மாதிரி பெரிய பெரிய திட்டு, மரத்துலேர்ந்து தலைகீழா எறங்கும். தீபகற்பத்துலயும் அதுக்குச் சொந்தக்காரன் ஒண்ணு இருக்கு.

நெசமான சிறுத்தைன்னா வால பாருங்க, ஒடம்போட முக்காவாசி நீளம் இருக்கும், நுனி லேசா மேல வளைஞ்சிருக்கும். மழ விட்ட மறுநாள் கான் ஓரத்து சேத்துல தடம் பாத்தா நாலு வெரலு, பின்னாடி பெரிய மெத்து, நகம் பதிஞ்சிருக்காது, ஏன்னா நடக்கும்போது நகத்த உள்ள இழுத்துக்கும். நகம் பதிஞ்சிருந்தா பெரும்பாலும் நாய், நிம்மதியா போங்க. சத்தமும் ஒரு அடையாளம், அது கர்ஜிக்கிறத விட கரகரன்னு மூச்ச இழுத்து விடுற மாதிரி ஒரு சத்தம் போடும், காட்டுக்குள்ள யாரோ ரம்பம் வச்சு பலகை அறுக்குற மாதிரியே இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் பலகை அறுப்பான்னு யோசிச்சா புரிஞ்சிடும்.

மனுசன அது பொதுவா தேடி வராது. ஆனா எதிர்ல பாத்துட்டா ஓடாதீங்க, குனியாதீங்க, மொள்ளமா பின்னால நகருங்க, சின்னப் பிள்ள இருந்தா தூக்கிக்குங்க. லயத்துல நாய ராத்திரி வெளிய கட்டிப் போடுறதுதான் அதுக்கு விருந்து வைக்கிற வேல, உள்ள போட்டுக்குங்க. அப்புறம் இந்த சுருக்குக் கம்பி, இதச் சொல்லாம விட முடியாது. பன்னி வருதுன்னு காட்டோரம் கம்பி கட்டுறாங்க, அந்தக் கம்பிக்குப் பன்னி எது சிறுத்தை எதுன்னு தெரியாது, காலுல இறுகுனா இழுக்க இழுக்க எலும்பு வரைக்கும் போயிடும், உசுரோட தப்பிச்சாலும் நொண்டி ஆன சிறுத்தை மான் பன்னிய தொரத்த முடியாம நேரா ஊருக்குள்ள ஆடு நாய தேடி வரும். லாவோஸ், வியட்நாம் பக்கம் நம்ம சிறுத்தையோட இனம் காட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாம போனதுக்கு இந்தக் கம்பி ஒரு பெரிய காரணம். நம்ம நாட்டுப் புலியே 2016லேர்ந்து 2020 வரைக்கும் எடுத்த கணக்குல 150க்கும் கீழன்னு வந்துச்சு, அதுக்கும் கம்பிதான் எமன். 2010ல வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல சிறுத்தை முழுப் பாதுகாப்புல இருக்கு, புடிச்சாலும் கொன்னாலும் தோல் வச்சிருந்தாலும் ஜெயில்.

பாத்தீங்கன்னா பெர்ஹிலித்தானுக்கு, அதாவது காட்டுயிர் இலாகாவுக்கு சொல்லுங்க. சொல்லும்போது மொட்டையா "ஹரிமாவ்"னு சொல்லாம கறுப்பா இருந்தா ஹரிமாவ் கும்பாங், வரி தெரிஞ்சா ஹரிமாவ் பெலாங்னு பிரிச்சுச் சொல்லுங்க, புலிக்கு அவங்க வர்ற விதம் வேற, சிறுத்தைக்கு வேற. கூடவே எந்தத் தோட்டம், எத்தனாம் நம்பர் பிளாக், எத்தன மணி, எந்தப் பக்கமா போச்சு, குட்டி கூட இருந்துச்சா, ஆடு நாய் ஏதும் அடிபட்டுச்சா, இதெல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டு போன் போடுங்க. வீடியோவ வாட்ஸாப்ல போடுறது அதுக்கு அப்புறமா இருக்கட்டும், முடிஞ்சா பிளாக் நம்பர சொல்லாம போடுங்க, ஏன்னா அந்த குரூப்ல கம்பி கட்டுறவனும் இருப்பான்.